முகவரி மட்டும் நிஜம்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பசை எழுதுகிறேன். நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தனியாகப் படுக்கப் பயமாக இல்லையா? இங்கே அப்பாவுக்கு இடுப்பு வலி, அம்மாவுக்குத் தலைவலி, எனக்கு ஒன்றும் இல்லை.

உன் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் பெட்டிகள் போன வண்டியின் விவரத்தை நம் வீடு மாற்றும் கம்பெனியின் லேப்டாப்பில் ஏற்றியது நான்தான். அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தேன். "பேரு பொய், சாமான் பொய், முகவரி மட்டும் நிஜம். வண்டி போய்ச் சேரணும்ல?" என்றார். புருஷனுக்குத் தெரியாமல் வீடு மாறும் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் போடச் சொல்கிறார். உன் சாமான் 'மர பீரோ இரண்டு, மீன்தொட்டி ஒன்று' என்று இருக்கிறது. நான்தான் மீன்தொட்டி சொன்னேன். அப்பா சிரித்தார். உன் முகவரியை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அத்தான் மேல் நீ போட்ட கேஸ் முடியும்வரை யாரும் உனக்கு எழுதக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு அட்டைப்பெட்டி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை ஜெராக்ஸ் கடை அக்காவின் கடைக்கு அனுப்பு. பள்ளி விட்டு வரும்போது வாங்கிக்கொள்வேன்.

அக்கா, அந்த லேப்டாப்பைக் காணவில்லை. போன வெள்ளிக்கிழமையிலிருந்து. நாம் சாமான் ஏற்றிய அறுநூறு வீடும் அதில்தான் இருக்கிறது. பழைய முகவரி, புது முகவரி, எந்தத் தேதியில் வீடு காலி, சாவி யாரிடம், எல்லாம். அப்பா டிரைவர் அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். "வண்டியிலதான்டா விட்டிருப்ப!" "இல்ல முதலாளி, மத்தியானமே உங்க மேசையில வச்சிட்டேன்." "மேசை முழுங்கிடுச்சா?" தினமும் இதே பேச்சு.

உனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருப்பதாக அம்மா வாய் தவறிச் சொன்னாள். தொலைந்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

உன்
பசை


ஜூன் 21

என் பசைக்குட்டிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். நலம். மூன்றாவது மாடி, ஒரே அறை, ஒரே ஜன்னல். கீழிருந்து என் கதவு வரைக்கும் நாற்பத்தெட்டுப் படி. யாராவது ஏறினால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். முப்பத்திரண்டில் நின்றால் இரண்டாம் மாடிக்காரர். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவேன். மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன்.

என் வேலை உன் கேள்விக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எங்கள் கம்பெனியில் முந்நூறு பேர் லேப்டாப் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்கள். ரயிலில் விடுகிறார்கள், கார் கண்ணாடியை உடைத்துத் திருடன் எடுத்துக்கொண்டு போகிறான். தொலைத்தவர்கள் முதலில் போன் செய்வது எனக்கு. மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம், பசை. உள்ளே இருப்பதுதான் சரக்கு. அதனால் உள்ளே இருக்கும் தகவல் மொத்தத்தையும் பூட்டியே கொடுக்கிறோம். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் கிறுக்கல்தான் தெரியும். போன் வந்த நிமிடமே இங்கிருந்தபடி அதை அழித்தும் விடுவேன். முதல் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் சொன்னவர்கள் யாரையும் நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

அப்பாவின் மெஷின் அப்படிப் பூட்டியிருந்ததா? பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்? வேறெங்காவது நகல் இருக்கிறதா? அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு யாராவது வந்தார்களா?

என்னை நினைத்துப் பயப்படாதே. அறுநூறு முகவரியில் மீன்தொட்டிக்காரி யாரென்று யாருக்குத் தெரியும்? அம்மாவின் தலைவலிக்கு டாக்டரிடம் போகச் சொல்.

உன் அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா டாக்டரிடம் போகவில்லை. நீ இன்னும் படி எண்ணுகிறாயா?

தகவலைப் பூட்டுவதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்ட் மட்டும்தான். அதுவும், அக்கா, என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எதற்கும் சீட்டு ஒட்டுவதால்தானே எனக்குப் பசை என்று பேர் வந்தது. சுவிட்சுக்குச் சீட்டு, சர்க்கரை டப்பாவுக்குச் சீட்டு, ஒருமுறை அம்மா முதுகில் 'உடையும் பொருள்' என்று ஒட்டி அடி வாங்கினேன். பாஸ்வேர்டையும் பேக்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிட்டேன். டிரைவர் அண்ணன் வழியில் முகவரி பார்க்க வேண்டும் என்று அப்பாதான் ஒட்டச் சொன்னார். "எழுத்து முத்து மாதிரி இருக்கு" என்று பாராட்டவும் செய்தார். நகல் எதுவும் இல்லை.

நேற்று குடோனில் டிரைவர் அண்ணனைச் சாமான் கட்டும் பெல்ட்டால் அடித்தார். கொக்கி இருக்கும் முனையால். நான் ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தேன். அண்ணன் கத்தவே இல்லை. "வச்சேன் முதலாளி, மேசையிலதான் வச்சேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சட்டையால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், "ஹோம்வொர்க் முடிச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டார். வேலை போய்விட்டது.

யாரும் வரவில்லை அக்கா. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். யாருமே வரவில்லை.

உன்
பசை


ஜூலை 10

என் பசைக்கு,

டிரைவர் அண்ணனைப் பற்றிப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. என் பெட்டிகளை இந்த நாற்பத்தெட்டுப் படியும் தூக்கி வந்து வைத்தவர் அவர். போகும்போது ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் விற்பனை மேனேஜர் ஒருவர் லேப்டாப்பை ஸ்டேஷன் கழிவறையில் விட்டுவிட்டார். பயம். யாரிடமும் சொல்லவில்லை. பை காலியாகத் தெரியக் கூடாதென்று அதில் ஒரு மரப் பலகையை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஆபீஸுக்கு வந்தார். மதியம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது போலக்கூட உட்கார்ந்திருந்தாராம். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இன்னொரு கம்பெனியின் மேசைக்குப் போய்விட்டது. அவரை வேலையிலிருந்து எடுத்தது லேப்டாப்புக்காக இல்லை, பசை. அந்த ஒன்பது நாளுக்காக.

உன் கடிதத்தில் 'யாரும் வரவில்லை' என்று இரண்டு தடவை இருக்கிறது. ஒரு தடவை எழுதினாலே நான் நம்புவேனே.

அப்பாவிடம் சொல், அறுநூறு பேருக்கும் போன் செய்து பூட்டை மாற்றச் சொல்லவேண்டும். முக்கியமாக, பொய்ப் பெயரில் போன பெண்களுக்கு. நான் சொன்னதாகச் சொல்லாதே. பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 18
(இதை அனுப்பவில்லை. பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.)

அக்கா,

அத்தான் வந்தார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு. அப்பாவும் அம்மாவும் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவருக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று அப்பா என்னைச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜன்னல் வழியாகச் சிரித்தார். "என்ன பாப்பா, அத்தானை வாசல்லயே நிக்க வச்சுடுவியா? தண்ணி குடிச்சிட்டுப் போயிடறேன்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வண்ண மார்க்கர் வாங்கிக் கொடுத்தவர். உன்னிடம் அவர் எப்படி என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அதனால் திறந்தேன்.

தண்ணீர் எடுத்து வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். தோளில் பை. "உங்க அக்கா எங்கயாவது நல்லா இருந்தா சரி" என்றார். கண் கலங்கியிருந்தது. பாதித் தண்ணீர்தான் குடித்தார். அவர் போன பிறகு பார்த்தேன், முன்னறையில் அப்பாவின் ஆபீஸ் மேசையில் சார்ஜர் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் என்கிறாய். ஆறு வாரம் ஆகிவிட்டது. டிரைவர் அண்ணனை அடிக்கும்போது ஷட்டரைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கொக்கி எனக்கு. கையை ஓங்கினேன், தட்டவில்லை.


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பரீட்சை நெருங்குவதால் அதிகம் எழுத முடியவில்லை. பூட்டு மாற்றுவதைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அறுநூறு பேர்கிட்ட நானே போய் என் மானத்தை வித்துட்டு வரவா? நாளைக்கு எவன் வண்டி கூப்பிடுவான்?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில், யாரும் வரவில்லை.

உன்
பசை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இருபது நாளாக உன் கடிதம் வரவில்லை. ஜெராக்ஸ் கடை அக்கா, "என்ன, லவ் லெட்டர் நின்னு போச்சா?" என்று கேலி செய்கிறார்.

நல்ல செய்தி! லேப்டாப் கிடைத்துவிட்டது. நேற்று சாயங்காலம் குடோனில் மடித்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. நான்தான் கண்டெடுத்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. இனி நீ கவலைப்பட வேண்டாம்.

டிரைவர் அண்ணனைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அப்பா, "பாத்தியா, பயந்து போய் அவனே கொண்டாந்து வச்சிருக்கான். திருட்டு நாய்" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தெரிந்த மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் செய்து அவரைச் சேர்க்காதீர்கள் என்று சொன்னார். பக்கத்தில் நின்று நம்பர் எடுத்துக் கொடுத்தேன்.

உன்
பசை


ஆகஸ்ட் 17

பசை,

காய்ச்சலில் படுத்திருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

தொலைந்த லேப்டாப்பை விடத் திரும்பி வரும் லேப்டாப்தான் எனக்குப் பயம். எடுத்தவன் திருப்பித் தருகிறான் என்றால், வேண்டியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆபீஸில் இதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

யார் கொண்டுவந்து கொடுத்தது? அந்தப் பட்டியலை யார் பார்த்தது? கோபப்பட மாட்டேன். அழ மாட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கீழே என் ஆபீஸ் நம்பர் எழுதியிருக்கிறேன். இதைப் படித்த ஒரு மணி நேரத்துக்குள் ஜெராக்ஸ் கடையிலிருந்து போன் செய். முடியாவிட்டால் கூரியரில் அனுப்பு. சாதாரணத் தபாலில் வேண்டாம். நீ 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன். எனக்குப் பழக்கம்தானே.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

ஆமாம்.

போன் செய்யத்தான் போனேன். நம்பரை முழுக்க அழுத்தினேன். நீ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். எழுதும்போது அழுகை யாருக்கும் கேட்காது. கூரியர் கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர், கவரைப் பார்த்தால் கேட்பார். அதனால் தபாலில்தான் அனுப்புகிறேன். மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை வந்தது அத்தான். லேப்டாப்பை எடுத்தது அத்தான். ஏழாம் தேதி பள்ளி வாசலில் பைக்கில் நின்றிருந்தார். லேப்டாப்பைத் திறந்து பட்டியலைக் காட்டினார். "இதுல எது உங்க அக்கான்னு எனக்குத் தெரியல பாப்பா. நீதானே டைப் பண்ணின? தொட்டுக் காட்டு, போதும். லேப்டாப் உன் கைக்கு வந்துடும், டிரைவருக்கு வேலை வந்துடும், நீ கதவைத் திறந்தது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. நான் தூரத்துல இருந்து ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவேன், அவ்ளோதான்."

நாற்பது நாளாகப் பெல்ட் சத்தம் என் காதிலேயே இருந்தது. மீன்தொட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

"சமத்து" என்று தலையைத் தடவினார். அவர் தூரத்திலிருந்துதான் பார்ப்பார் என்று நான் நம்பினேனா? நம்பவில்லை அக்கா. அதைத்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

கட்டிவிடு. உடனே கட்டிவிடு.

பசை


செப்டம்பர் 10

அன்புள்ள பசைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு மாமா, அத்தை, உன் நலம் அறிய ஆவல். மாமாவின் இடுப்பு வலி குறைந்ததா? அத்தை டாக்டரிடம் போனாரா? பசை என்ற பேர் உனக்கு ரொம்பப் பொருத்தம். உன் கடிதங்களையெல்லாம் உன் அக்கா தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். படித்தேன்.

நாற்பத்தெட்டுப் படி. எண்ணிக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடியில், முப்பத்திரண்டாவது படியில், மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஏறினேன். உன் இருபதாம் தேதிக் கடிதத்தைத் தபால்காரர் அன்று காலையில்தான் கொண்டுவந்தார். கீழே வாசலில் நானே வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் எனக்கு வீண் அலைச்சல்.

உன் அக்கா வேலையை விட்டுவிட்டாள். தானாகவே திரும்பி வந்ததாக மாமாவிடம் போனில் சொல்லிவிட்டாள். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத முடியவில்லை. படியில் தவறிவிட்டாள்.

உங்கள் டிரைவரிடம் முதலில் கேட்டுப் பார்த்தேன். எவ்வளவு பணம் நீட்டியும் வாயைத் திறக்கவில்லை. நீ நல்ல பெண்.

ஒரு சின்ன உதவி. என் நண்பர் ஒருவர், தங்கமான மனிதர். அவர் மனைவியும் பிள்ளையும் பிப்ரவரியில் உங்கள் வண்டியில்தான் போனார்களாம். பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது, பெயர்தான் பொய். எது என்று எழுது. எழுதினால் உன் அக்காவை இடது கையால் உனக்கு நாலு வரி எழுதச் சொல்கிறேன். அந்தக் கை இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் உன் கடிதத்தை மாமாவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
அத்தான்


செப்டம்பர் 14, மாலை ஐந்தேகால்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நீங்களும் உங்கள் பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா? என்னை உங்களுக்குத் தெரியாது. பிப்ரவரியில் உங்கள் சாமானை ஏற்றிய கம்பெனி முதலாளியின் மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். உங்கள் பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்டியது நான்தான். பட்டியலில் உங்கள் பெயர் பொய், சாமான் பொய், முகவரி நிஜம்.

எங்கள் லேப்டாப் திருடு போனது. உள்ளே இருந்த எதுவும் பூட்டப்படவில்லை. பாஸ்வேர்டை நானே எழுதி அதன் அடியில் ஒட்டியிருந்தேன். உங்கள் கணவருக்கு இப்போது அந்தப் பட்டியலில் உங்கள் வரி எதுவென்று தெரிய வேண்டுமாம். அதைக் கேட்டு இன்று நாலரை மணிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் எண்ணுக்கு நாலு தடவை போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

வேறு முகவரியைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அந்தக் கதவுக்குப் பின்னாலும் யாராவது இருப்பார்கள். அங்கே நீங்கள் இல்லையென்று தெரிந்தால் என் அக்காவின் இடது கை போய்விடும். அதனால் உங்கள் முகவரியைத்தான் எழுதப் போகிறேன். சாதாரணத் தபாலில். நாலு நாளாவது ஆகும். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக் காலையில் கிடைத்துவிடும். அவர் வந்து பார்க்கும்போது வீடு காலியாக இருக்க வேண்டும்.

கூரியர் கடைக்காரர் அப்பாவிடம் சொல்லிவிடுவார். சொல்லட்டும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அப்பா இப்போது குடோனில்தான் இருக்கிறார்.

நாளைக்கே கிளம்புங்கள். பிள்ளையின் பள்ளியில் புது முகவரி கேட்டால் சொல்லாதீர்கள். பெட்டிகளின் மேல் எதையும் எழுதி ஒட்டாதீர்கள். தெருவில் போகும் ஏதாவது ஒரு வண்டியைப் பிடியுங்கள்.

எங்களைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
சீட்டு ஒட்டியவள்